மூடி ஞானமுத்துவின் சின்னக் கேமரா

செய்தி வந்தபோது நான் ஸ்டூடியோவின் பின்கட்டில் உட்கார்ந்து, யாரோ ஒரு மணப்பெண்ணின் நெகட்டிவில் அம்மைத் தழும்புகளைப் பென்சிலால் அடைத்துக்கொண்டிருந்தேன். லிங்கராஜபுரம் சர்ச்சில் மணி அடிக்கிற கோயில்பிள்ளை சைக்கிளை விட்டு இறங்காமலே, வாசலில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு சொன்னார். "நடேசண்ணா, மூடி ஞானமுத்து போயிட்டாரு. காலைல காபி குடிச்சிட்டு நாற்காலில குந்தினவரு, அப்படியே போயிட்டாரு."

எனக்கு அழுகை வரவில்லை. முதலில் வந்தது எரிச்சல்தான். செத்துப்போன மனிதனை அந்தப் பட்டப்பெயர் சொல்லியா அறிவிக்க வேண்டும் என்று கோயில்பிள்ளைமேல் கோபம் பொங்கியது. மறு நிமிஷமே, அந்தப் பெயரை அவனுக்கு வாங்கிக் கொடுத்தவனே நான்தான் என்பது உறைத்தது. பென்சிலைக் கீழே வைத்துவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

இதைப் படிக்கிற உங்களில் பாதிப் பேருடைய கல்யாணப் படம் ஞானமுத்து எடுத்ததாகத்தான் இருக்கும். மூடி என்ற பெயர் எப்படி வந்தது என்பதும் உங்களுக்குத் தெரியும். ஜெர்மன் கேமரா ஒன்றை வாங்கி ஊரெல்லாம் பெருமையடித்தவன், அதன் லென்ஸ் மூடியைக் கழற்றாமலே முப்பத்துமூன்று படம் எடுத்து, ஒரு தாய்க்கு அவள் பிள்ளையின் முகம் இல்லாமல் செய்துவிட்டான் என்று சொல்லுவீர்கள். பத்து வருஷமாக ஊர் சொல்லிச் சிரித்த கதை அது. கதை பொய். அது எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும். முழுப் பூசணிக்காயை நான் இத்தனை நாள் சோற்றில் மறைத்து வைத்திருந்தேன். இன்று எடுத்து வெளியே வைக்கிறேன்.

நானும் ஞானமுத்துவும் ஒரே வயது. ஒரே ஸ்டூடியோவில் அவன் படம் எடுத்தான், நான் இருட்டறையில் கழுவினேன், நெகட்டிவில் பென்சில் பிடித்து டச்சிங் செய்தேன். எங்களிடம் இருந்தது மூன்று கால் போட்டு நிற்கிற பழைய மரக் கேமரா. அதில் பொத்தானும் கிடையாது, ஒன்றும் கிடையாது. லென்ஸின் மேலே ஒரு மூடி. ஞானமுத்து கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுப் பார்ப்பான், கண்ணாடித் தகட்டைச் செருகுவான், வெளியே வந்து மூடியைக் கழற்றி "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று எண்ணுவான், திரும்ப மூடுவான். படம் அவ்வளவுதான். இருபது வருஷம் அந்தக் கை அதையே செய்தது. எடுத்ததும் மூடு என்பது அவன் மூளைக்குத் தெரிய வேண்டியதில்லை, கைக்கே தெரியும். வீட்டில் செம்பில் தண்ணீர் குடித்துவிட்டு வைத்தாலும் அதன்மேல் தட்டைக் கவிழ்க்காமல் நகர மாட்டான் என்று அவன் மனைவி செலின் சொல்லுவாள்.

செத்தவர்களையும் நாங்கள் எடுத்திருக்கிறோம். அந்த நாளில் அதுதான் எங்களுக்குப் பாதி வேலை. உயிரோடு இருக்கிறவரை படம் பிடிக்க விடாதவர்கள், மூச்சு நின்றதும் ஆள் அனுப்புவார்கள். குளிப்பாட்டி, நாற்காலியில் உட்கார வைத்து, தாடையைத் துணியால் கட்டி, சுற்றிலும் குடும்பம் நிற்கும். ஒருமுறை அப்படி ஒரு வீட்டிலிருந்து திரும்பும்போது ஞானமுத்து சொன்னான்: "நடேசா, நம்ம கேமரா முன்னால உசுரோட இருக்கிறவனும் பொணம் மாதிரிதான் நிக்கிறான். செத்தவனத்தான் ஒழுங்கா எடுக்க முடியுது, அவன்தான் ஆடாம இருக்கான்." சிரித்துக்கொண்டுதான் சொன்னான். ஆனால் அந்தக் குறை அவனை அரித்துக்கொண்டே இருந்தது.

சுதந்திரம் வந்து எட்டு வருஷம் இருக்கும். கண்டோன்மெண்ட்டில் ஒரு ஆங்கிலோ இந்தியர் வீட்டைக் காலி செய்துகொண்டு கப்பலேறப் புறப்பட்டார். அவரிடம் ஞானமுத்து தன் மோட்டார் சைக்கிளைக் கொடுத்துவிட்டு, ஒரு சின்ன ஜெர்மன் கேமராவை வாங்கிக்கொண்டு நடந்தே வந்தான். செலின் தலையில் அடித்துக்கொண்டாள். "குடும்பமே குந்திக்கினு போற வண்டியக் குடுத்துட்டு, சட்டைப் பையில போட்டுக்கிற சாமான வாங்கினு வந்திருக்காரு பாருங்கண்ணா. இவருக்குப் புத்தி இருக்குதா?" எனக்கும் அதே சந்தேகம்தான்.

அன்று மதியம் முழுவதும் ஸ்டூடியோ மேஜையில் ஒரு துண்டை விரித்து, அதன்மேல் கேமராவை வைத்துக்கொண்டு நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். கையில் எடுத்ததும் எனக்குத் தெரிந்தது அதன் கனம். உள்ளங்கை அளவுதான், ஆனால் படிக்கல் மாதிரி இருந்தது. ஞானமுத்து லென்ஸை வெளியே இழுத்தான், திருப்பினான், உள்ளே தள்ளினான். சின்ன ஜன்னல் வழியாகப் பார்த்தால் எதிரே இருக்கிற ஆள் இரண்டாகத் தெரிந்தான். வளையத்தை மெல்லத் திருப்பினால் இரண்டு ஆளும் நெருங்கி வந்து ஒரே ஆளானார்கள். அந்த இடத்தில்தான் தெளிவு. "பாரு, பாரு" என்று என் முகத்தையே இரண்டாக்கி ஒன்றாக்கி அரைமணி நேரம் விளையாடினான். பொத்தானை அழுத்தியபோது சத்தமே வரவில்லை. வெற்றிலையைக் கிள்ளினால் கேட்கிற அளவுகூட இல்லை.

அன்று அவன் சொன்னவை எல்லாம் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "ஒரு ஃபிலிம்ல முப்பத்தாறு. அப்படீன்னா முப்பத்தஞ்சு தடவ அசட்டையா இருப்பான் மனுசன். அது இதுல இருக்கிற ஆபத்து" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "இன்னொரு குறை. நம்ம பெரிய பொட்டியில லென்ஸ் இன்னா பாக்குதோ அதத்தான் நானும் பாக்கறேன். இதுல என் கண்ணு ஒரு ஜன்னல், லென்ஸு வேற ஜன்னல். ரெண்டும் ஒரே ஆளத்தான் பாக்குதுன்னு நாமளா நம்பிக்கணும்" என்றான். கடைசியில் கேமராவைத் துண்டில் சுற்றிக்கொண்டே, "ஆனா இதுக்கு முன்னால எவனும் சாகமாட்டான் நடேசா. எடுக்கிறதே தெரியாதே அவனுக்கு" என்றான். அவ்வளவு சந்தோஷமாக அவனை நான் பார்த்ததில்லை.

எனக்கு அந்தச் சந்தோஷம் பிடிக்கவில்லை. உண்மையைச் சொல்ல என்ன வெட்கம். அந்தக் கேமராவின் நெகட்டிவ் தபால் தலை அளவு. அதில் நான் எங்கே பென்சிலை வைப்பது, எந்தத் தழும்பை மறைப்பது? என் பிழைப்புக்கு வைத்த வேட்டு என்று வயிறு எரிந்தது. போதாததற்கு அந்த ஃபிலிமைச் சிவப்பு விளக்கில் கழுவக்கூடாதாம். எங்கள் தகடுகளைச் சிவப்பு வெளிச்சத்தில் கண்ணால் பார்த்துப் பார்த்துக் கழுவியவன் நான். இதற்குக் குருட்டு இருட்டு வேண்டும், கையால் தடவித்தான் வேலை. "சொல்ப கஷ்டம்தான், பழகிடும்" என்றான் ஞானமுத்து. பழகவில்லை. ஆனாலும் சொன்னபடி செய்தேன்.

முதல் இரண்டு ஃபிலிமிலும் பாதி வெறுமையாக வந்தது. ஒரு படம் இருக்கும், அடுத்தது வெறும் கண்ணாடி. காரணம் உடனே புரிந்தது. ஒவ்வொரு படமும் எடுத்த பிறகு அவன் கை தானாகவே மூடியைப் போட்டுவிட்டிருந்தது, திரும்பக் கழற்ற வேண்டும் என்பது பாதித் தடவை நினைவில் இல்லை. அவன் சொன்ன அந்த வேறு ஜன்னலில் எல்லாம் பளிச்சென்று தெரிகிறதே, லென்ஸ் மூடியிருப்பது எப்படித் தெரியும்? அவனே விழுந்து விழுந்து சிரித்தான். கடைத்தெருவெல்லாம் போய்த் தன் முட்டாள்தனத்தைத் தானே சொன்னான். அதற்குப் பிறகு ஒரு வழி கண்டுபிடித்தான். மூடியைக் கழற்றியதும் பல்லிடுக்கில் கவ்விக்கொள்வான், ஃபிலிம் முடிகிறவரை விடமாட்டான். பீடி குடிப்பவன் மாதிரி அந்த மூடியைக் கடித்துக்கொண்டு அவன் திரிந்ததைப் பார்த்தவர்கள் உங்களில் இருப்பீர்கள்.

லிங்கராஜபுரத்தில் அவன் வீட்டுக்கு எதிர்வீடு அன்னம்மாக்கா. புருஷன் இல்லை, ஒரே மகன் டேனியல். லாரியில் கிளீனராக ஓடிக்கொண்டிருந்தான், இருபத்திரண்டு வயது. படம் பிடித்தால் ஆயுசு குறையும் என்பது அக்காவுக்கு ஊறிய நம்பிக்கை. புருஷனைக் கல்யாணத்தில் ஒரு படம் எடுத்தார்களாம், மூன்றே வருஷத்தில் போய்விட்டாராம். மகனைப் பள்ளிக்கூடப் படத்துக்குக்கூட நிற்க விட்டதில்லை. ஞானமுத்து எத்தனையோ முறை கேட்டுப் பார்த்தான். "வேணாம் தம்பி. உன் தொழில நான் குறை சொல்லல. எம்புள்ளய மட்டும் உட்டுடு" என்பாள்.

அந்த வருஷம் கிறிஸ்துமஸ் அன்று நான் ஞானமுத்து வீட்டில் சாப்பிட்டேன். எதிர்வீட்டு வாசலில் டேனியல் புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டு, அம்மா சுட்ட பலகாரத்தைத் தட்டிலிருந்து திருடித் தின்று, அவள் கரண்டியை ஓங்க, இவன் ஓட, தெருவே சிரித்துக்கொண்டிருந்தது. ஞானமுத்து தன் வீட்டு ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று எடுத்துக்கொண்டே இருந்தான். தலை வாரிக்கொண்டதை எடுத்தான். அம்மாவின் முந்தானையில் கை துடைத்ததை எடுத்தான். "தப்புடா, அந்தம்மாவுக்குத் தெரிஞ்சா மனசு ஒடைஞ்சிரும்" என்றேன். அவனால் பதில் சொல்ல முடியவில்லை, ஏனென்றால் பல்லிடுக்கில் மூடி இருந்தது. என் இரண்டு கண்ணால் பார்த்தேன். முப்பத்துமூன்று எடுத்தான். "மூணு பாக்கி இருக்குது, அதையும் முடிச்சிட்டுக் கழுவலாம்" என்று கேமராவைப் பீரோவில் வைத்தான்.

அந்த மூன்றும் எடுக்கப்படவேயில்லை. புது வருஷம் பிறந்து பத்து நாள் ஆவதற்குள் டேனியல் போன லாரி சேலம் பக்கம் மலைச்சரிவில் உருண்டது. பெட்டியை ஆணியடித்து மூடித்தான் கொண்டுவந்தார்கள். திறக்கக்கூடாது என்று கூட வந்தவர்கள் சொல்லிவிட்டார்கள். நாற்காலியில் உட்கார வைத்து எடுக்க முகம் என்று ஒன்று இல்லை.

அடக்கம் முடிந்து ஒரு வாரம் கழித்து அன்னம்மாக்கா ஞானமுத்துவிடம் வந்து, "தம்பி, எம்புள்ள மூஞ்சி எனக்கு மறந்து போவுதுப்பா. கண்ண மூடினா பொட்டிதான் தெரியுது" என்று சொல்லியிருக்கிறாள். அவனுக்குத் தாங்கவில்லை. ஜன்னலில் நின்று எடுத்ததை ஒப்புக்கொண்டுவிட்டான். "நான் வேணாம்னு சொல்லியும் எடுத்தியா? நீ எடுத்த பதினஞ்சு நாள்ல போயிட்டானே" என்றாளாம். பிறகு, "சரி, எடுத்தது எடுத்துட்ட. எனக்குக் காட்டு" என்று கூடவே கிளம்பி ஸ்டூடியோவுக்கு வந்துவிட்டாள்.

இனி வருவது என் பங்கு. காலை பதினோரு மணி. முன்னறையில் பெஞ்சில் அவள் உட்கார்ந்திருக்கிறாள், சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுகிற சத்தம் இருட்டறைக் கதவைத் தாண்டிக் கேட்கிறது. தட்டுகள் இரண்டு. முதல் தட்டு மருந்தில் படம் எழும், இரண்டாவது தட்டில் இருக்கிற ஹைப்போவில் அது நிலைக்கும். மாற்றிப் போட்டால், படம் எழுவதற்கு முன்பே ஹைப்போ எல்லாவற்றையும் கரைத்துக்கொண்டு போய்விடும். அன்று காலை தட்டுகளைக் கழுவித் துடைத்து, கவனிக்காமல் இடம் மாற்றி வைத்தவன் நானே. சிவப்பு விளக்கு எரிந்திருந்தால் கண்ணுக்குத் தெரிந்திருக்கும். விளக்கு இல்லை. விரலை விட்டுப் பார்த்தால் முதல் மருந்து சோப்புத் தண்ணீர் மாதிரி வழவழக்கும். இருபது வருஷ அனுபவம் என்ற மண்டைக்கனத்தில் விரலையும் விட்டுப் பார்க்கவில்லை. ஜலதோஷத்தில் மூக்கும் அடைத்திருந்தது. விளக்கைப் போட்டபோது என் கையில் வெறும் கண்ணாடி போன்ற ஃபிலிம் தொங்கியது.

கதவைத் திறந்துகொண்டு வந்தேன். ஞானமுத்து அதை வாங்கி ஜன்னல் பக்கம் போய், வெளிச்சத்தில் பிடித்து, இந்த முனையிலிருந்து அந்த முனைவரை பார்த்தான். ஓரங்களையும் பார்த்தான். அந்த ஃபிலிமின் ஓரத்தில் ஃபாக்டரியிலேயே பதித்த எண்கள் உண்டு. மூடியைப் போட்டே எடுத்தாலும், ஒழுங்காகக் கழுவினால் அவை எழுந்து நிற்கும். இதில் ஒரு எண்கூட இல்லை. அப்படியானால் கெட்டது கேமராவில் இல்லை, தட்டில். தொழில் தெரிந்த எவனுக்கும் அது புரியும். அவன் ஃபிலிமிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தான்.

"மூடியா, நடேசா?"

நான் சொன்னேன்: "வேற இன்னா?"

அவ்வளவுதான் நான் சொன்னது. இரண்டே வார்த்தை. இருபது வருஷமாக ஒரு தகட்டைக்கூடக் கெடுக்காதவன் என்ற பெயரை அந்த இரண்டு வார்த்தையால் காப்பாற்றிக்கொண்டேன். அவன் என்னை இன்னும் ஒரு கணம் பார்த்தான். பிறகு அன்னம்மாக்கா பக்கம் திரும்பி, "மன்னிச்சிக்கக்கா. மூடி போட்டே இருந்துட்டேன். ஒண்ணும் உழல" என்றான்.

அவள் கத்தப்போகிறாள் என்று நான் எதிர்பார்த்தேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிதானமாகக் கேட்டாள். "அப்ப நீ எம்புள்ளய எடுக்கவேயில்ல?"

"இல்லக்கா."

"நெசமா?"

"நெசமாக்கா. மூடிக்கு முன்னால நின்னுக்கினு இருந்திருக்கான். எடுக்கவேயில்ல."

"அப்ப அதால போவல" என்றாள். அந்த முகத்தில் ஒரு ஆறுதல் வந்தது, பார்க்கச் சகிக்கவில்லை. பிள்ளையின் முகம் கிடைக்கவில்லை என்ற துக்கமும் அதிலேயே இருந்தது. எழுந்து, யாரையும் திட்டாமல், மெல்ல நடந்து போய்விட்டாள்.

விஷயம் தெருவுக்கு எட்டியது, மூடி என்ற பெயரும் ஒட்டிக்கொண்டது. ஞானமுத்து அந்தச் சின்னக் கேமராவை அதற்குப் பிறகு தொடவில்லை. மதராஸிலிருந்து வந்த ஒருவரிடம் அதைக் கொடுத்துவிட்டுப் பழைய மரப்பெட்டிக்கே திரும்பினான். ஓடுகிற, சிரிக்கிற மனிதர்களை எடுக்கவேண்டும் என்று தவித்தவன் அவன். எடுத்தும் காட்டியிருந்தான். அதன்பிறகு கடைசிவரை நாற்காலியில் விறைத்துக்கொண்டு உட்காருகிறவர்களையே எடுத்தான். கழுவ என்னிடமே கொடுத்தான். ஒரு நாளும் முகம் சுளிக்கவில்லை. எனக்கு அவனோடு சாப்பிட உட்கார்ந்தால் சோறு இறங்காது.

மூன்று நான்கு வருஷம் கழித்து ஒரு கல்யாண வீட்டில், மாப்பிள்ளையின் சித்தப்பா எல்லார் முன்னாலும், "இன்னா ஞானமுத்து, இன்னிக்காவது மூடியக் கழட்டினியா?" என்று கேட்டார். பந்தலே சிரித்தது. ஞானமுத்துவும் சிரித்தான். என் முகம் எப்படிப் போயிற்றோ தெரியவில்லை. முக்காலியைத் தூக்கிக்கொண்டு திரும்பி நடக்கும்போது அவன் என்னைப் பார்க்காமலே சொன்னான்: "அந்தக்கா உசுரோட இருக்கிறவரைக்கும் மூடி போட்டுதான் இருந்திச்சி, நடேசா. புரியுதா?"

புரிந்தது. அவனுக்கு அன்றே எல்லாம் தெரிந்திருக்கிறது என்பது புரிந்தது. உண்மையைச் சொன்னால், தன் பிள்ளையைக் கேமராதான் கொண்டுபோயிற்று என்று அந்தத் தாய் மிச்ச நாளெல்லாம் நம்புவாள், அது நடக்கக்கூடாது என்றுதான் இவன் சிரிப்புக்கு ஆளாகி நிற்கிறான் என்பதும் புரிந்தது. அப்போதாவது நான் அவனிடம், அவனிடம் மட்டுமாவது, வாயைத் திறந்திருக்கலாம். "ம்" என்றேன். அன்னம்மாக்காவுக்காக அவன் போட்ட விதியை எனக்கு ஒரு குடையாக்கிக்கொண்டு அதன்கீழ் சுகமாக ஒதுங்கினேன்.

அன்னம்மாக்கா போன வருஷம் காலமானாள். அடக்கத்துக்கு இரண்டு பேரும் போனோம். மறுநாள் ஞானமுத்து வேலை எதுவும் இல்லாமலே இருட்டறை வாசலில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தான். "அப்புறம், நடேசா?" என்றான். நான் ஹைப்போ தீர்ந்துவிட்டது என்றேன். "அப்புறம்?" என்றான். மழை வரும்போல இருக்கிறது என்றேன். கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து போனான். அதற்குப் பிறகும் எத்தனையோ நாள் அதே ஸ்டூலில் வந்து உட்கார்ந்தான். என் வாயில் கொழுக்கட்டை.

அவனை அடக்கம் செய்த மறுநாள் செலினிடம் போனேன். கூட்டம் கலைந்து அவள் மட்டும் இருந்தாள். நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன், தட்டு மாறியதிலிருந்து அந்த இரண்டு வார்த்தைவரை. அவள் ஆச்சரியப்படவில்லை.

"தெரியும்ணா. அன்னிக்கி ராத்திரியே எங்கிட்ட சொல்லிட்டாரு. யார்கிட்டயும் சொல்லாதன்னாரு."

நான் உட்கார்ந்துவிட்டேன். அவள் அழாமல், ஒரு சமாசாரம் சொல்வது போலத்தான் மேற்கொண்டு சொன்னாள்.

"அக்காவ பொதைச்சிட்டு வந்த அன்னிக்கி ரொம்ப குஷியா இருந்தாரு, எனக்கே ஒரு மாதிரி இருந்திச்சி. இனிமே நடேசன் சொல்லிடுவான் பாருன்னாரு. தினம் ஸ்டூடியோவுலருந்து வந்ததும் நான் கேப்பேன், இன்னிக்கி சொன்னாரான்னு. நாளைக்கி சொல்லுவான்னுவாரு. அவரு போன அன்னிக்கிக் காலைலகூட அதான் சொல்லிக்கினு இருந்தாரு."

நண்பர்களே, அவன் எடுத்த படங்கள் உங்கள் வீட்டுச் சுவர்களில் இருக்கின்றன. என்னிடம் அவனுடையதாக இருப்பது, எனக்காக அவன் சொல்லிவந்த அந்த 'நாளைக்கு' என்ற சொல் ஒன்றுதான்.